உங்களுக்குத் தெரியுமா? தேக்காவில் இறங்கியவருக்கு யார் பாய் விரித்தது?

சிங்கப்பூரில் இன்று அகதி முகாம் கிடையாது. அகதி என்று ஒருவரை ஏற்றுக்கொள்ளும் சட்டமும் கிடையாது. ஆனால் ஊரே வந்து இறங்கியவர்கள் கட்டிய ஊர். கையில் ஒரு மூட்டையோடு கப்பலை விட்டு இறங்கியவரை ஊர்க்காரராக்கும் வேலையைக் கோயில், கிட்டங்கி, பள்ளிக்கூடம், பத்திரிகை, வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) என்று பலரும் 200 ஆண்டுகளாகச் செய்துவருகிறார்கள். யாருக்குக் கதவு திறந்தது, யாருக்குப் பாதி திறந்தது, யாருக்கு மூடிக்கொண்டது? இதோ துணுக்குகள்.

முதலில் வந்தவர்கள்

1. சிங்கப்பூருக்கு வந்த முதல் தமிழர்களில் ஒருவரான நாராயண பிள்ளை, 1819இல் ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்தார். செங்கல் சூளை போட்டார்; பினாங்கிலிருந்து தச்சர்களையும் கொத்தனார்களையும் வரவழைத்தார். பிறகு துணிக்கடை வைத்தார். 1822இல் கடை தீயில் எரிந்து கடனாளியானார். ராஃபிள்ஸ் கொடுத்த புது நிலத்தில் மறுபடி தொழில் தொடங்கித் தலையெடுத்தார். எல்லாம் இழந்தவருக்கு இரண்டாவது வாய்ப்பு என்பது இந்த ஊரின் தமிழர் கதையில் முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது.

2. அந்த நாராயண பிள்ளை முன்னின்று 1827இல் எழுப்பியதுதான் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில். முதலில் பலகையும் அத்தாப்பும்தான். புதிதாக வந்து இறங்கிய தமிழர்கள் வேலையும் இடமும் கிடைக்கும்வரை அங்கே தங்கிக்கொள்ளலாம். இந்துக்களின் திருமணங்களைப் பதிவுசெய்யும் இடமாகவும் அந்தக் கோயில் இருந்திருக்கிறது. படுக்க இடம், பிறகு வேலை, பிறகு கல்யாணம் என மூன்றுக்கும் ஒரே வாசல்.

3. தெலுக் ஆயர் ஸ்ட்ரீட் அன்று கடற்கரையோரத் தெரு. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் 1827இல் அங்கே குடிசையாக எழுப்பிய தொழுகை இடம் ‘குச்சுப் பள்ளி’. இன்று அது அல் அப்ரார் பள்ளிவாசல். அதே தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையில் நாகூர் தர்காவும் எழுந்தது. நாகூர் ஆண்டவரை வேண்டிக்கொண்டு கப்பலேறியவர்கள், கரை சேர்ந்ததும் நன்றி சொல்ல நாகூருக்குத் திரும்பிப் போக வேண்டியதில்லை!

4. செட்டியார்களின் ‘கிட்டங்கி’ ஒரே கூரையின் கீழ் கடையும் வீடும். மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் நீண்ட கூடங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு மரப்பெட்டி, எழுதுவதற்கு ஒரு சாய்மேசை, உட்காரக் கொஞ்சம் இடம். பகலில் அங்கே வட்டிக்கடை. இரவில் அங்கேயே படுக்கை. சாப்பாடு பொதுச் சமையல். ஊரிலிருந்து புதிதாக வந்த பையன் இங்கேதான் தொழிலும் மலாயும் ஒருசேரக் கற்றான். 1970களில் நகரச் சீரமைப்பில் மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகள் இடிபட்டன.

5. சொந்த விருப்பத்தில் வராதவர்களும் ஊர்க்காரர்கள் ஆனார்கள். 1825 முதல் 1873 வரை இங்கே பிரிட்டிஷார் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த தண்டனைக் கைதிகள் இருந்தார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் இன்றைய இஸ்தானா மாளிகையும் அவர்கள் உழைப்பு. சிறையிலேயே கல்வேலை, தச்சுவேலை, செங்கல் வேலை பழக்கப்பட்டதால், விடுதலையானதும் கைத்தொழில் கையில் இருந்தது. பலர் ஊர் திரும்பாமல் இங்கேயே மாடு வளர்த்தும் வண்டி ஓட்டியும் குடும்பம் நடத்தினார்கள்.

6. கப்பலில் வந்தவர்கள் நேரே நகருக்குள் நுழைந்துவிட முடியாது. 1874 முதல் செயின்ட் ஜான்ஸ் தீவில் நோய்த்தடுப்பு நிலையம் இருந்தது. காலரா, அம்மை பயத்தில் ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்களும் சீனத் தொழிலாளர்களும் அங்கே நிறுத்திவைக்கப்பட்டார்கள். இன்று அந்தத் தீவுக்குப் படகில் உல்லாசப் பயணம் போகிறோம்.

சிராங்கூன் சாலைக்காரர்கள்

7. தேக்கா என்கிற லிட்டில் இந்தியாவைத் தமிழர்களுக்கென்று யாரும் ஒதுக்கிக் கொடுக்கவில்லை. ரோச்சோர் ஆற்றோரம் தண்ணீரும் புல்லும் இருந்தன. மாட்டுத் தொழுவங்கள் வந்தன. பக்கத்தில் சுண்ணாம்புக் காளவாய், செங்கல் சூளை. வேலை இருந்த இடத்தில் ஆள் தங்கினான்; ஆள் தங்கிய இடத்தில் மளிகைக்கடையும் சாப்பாட்டுக்கடையும் வந்தன. பெலிலியோஸ் சாலைக்குப் பெயர் கொடுத்தவர் கல்கத்தாவிலிருந்து வந்த யூத மாட்டு வியாபாரி. தேக்கா தொடக்கத்திலிருந்தே கலப்புப் பேட்டைதான்.

8. மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி இன்று சிங்கப்பூரின் பெயர்பெற்ற பள்ளிகளில் ஒன்று. அது 1887 ஆகஸ்டில் ஷார்ட் ஸ்ட்ரீட்டில் ஒரு கடைவீட்டில் ஒன்பது இந்தியச் சிறுமிகளோடு தொடங்கியது. தொடங்கியவர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சோஃபியா பிளாக்மோர். இடமும் உதவியும் கொடுத்தவர்கள் தமிழ் வணிகர்கள். பிழைக்க வந்த இடத்தில் மகளைப் பள்ளிக்கு அனுப்பத் துணிந்த அப்பாக்கள் அவர்கள்.

9. சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலைப் பழையவர்கள் ‘சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில்’ என்பார்கள். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டபோது, அக்கம்பக்கத்து மக்கள் ஓடிவந்து ஒதுங்கிய இடம் அது. கோயிலும் சிலைகளும் தப்பின. உள்ளே இருந்தவர்களும் தப்பினார்கள்.

10. 1947இல் இந்தியா இரண்டானபோது சிந்து மாகாணம் முழுவதும் பாகிஸ்தானுக்குப் போனது. ஊரை இழந்த சிந்தி இந்துக் குடும்பங்களில் ஒரு பகுதி சிங்கப்பூருக்கு வந்தது. இங்கே அவர்களுக்கு முன்பே கடைகள் இருந்தன; சிந்தி வணிகர் சங்கம் 1921இலேயே தொடங்கப்பட்டது. ஹை ஸ்ட்ரீட் துணிக்கடைகளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், பின்னாளில் தாங்களே கடை வைத்தார்கள். அவர்களை யாரும் அகதி என்று பதிவு செய்யவில்லை. உறவுக்காரரின் கடைதான் அவர்களுக்கு மறுவாழ்வுத் திட்டம்.

11. தென்காசி, கடையநல்லூர் பக்கத்திலிருந்து வந்த முஸ்லிம்களுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. மற்ற ஊர் ஆண்கள் தனியாக வந்து பணம் அனுப்பிய காலத்தில், இவர்களில் பலர் மனைவி மக்களோடு வந்து குடியேறினார்கள். பிள்ளைகள் இருந்தால் பள்ளி வேண்டுமே? 1946இல் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி தொடங்கியது. 1960இல் உயர்நிலைப் பள்ளியானது. 1982இல் மூடப்பட்டாலும், உமறுப்புலவர் பெயர் இன்றும் தமிழ்மொழி நிலையத்தின் வழியே நிலைத்திருக்கிறது.

12. யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே, அரசு அலுவலகங்களுக்கு எழுத்தர்களாக வந்தவர்கள் 1910இலேயே சிங்கப்பூர் இலங்கைத் தமிழர் சங்கத்தை நிறுவிவிட்டார்கள். சிலோன் சாலையில் உள்ள செண்பக விநாயகர் கோயில் அவர்களின் மையம். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 1915இல் பிறந்த சின்னத்தம்பி ராஜரத்தினம்தான் தனிநாடான சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர். இன்று பள்ளிப் பிள்ளைகள் தினமும் சொல்லும் தேசிய உறுதிமொழியின் முதல் வடிவத்தை 1966இல் எழுதியவரும் அவர்தான்.

13. தமிழவேள் கோ. சாரங்கபாணி திருவாரூர்க்காரர். 1924இல் சிங்கப்பூர் வந்தார். 1935இல் ஒரு காசு விலையில் ‘தமிழ் முரசு’ தொடங்கினார். 1957இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, நம்மவர்களில் பலர் ‘எப்படியும் ஒருநாள் ஊருக்குப் போய்விடுவோம்’ என்று சும்மா இருந்தார்கள். பதிவு செய்துகொள்ளுங்கள் என்று பத்திரிகையிலும் மேடையிலும் விடாமல் இயக்கம் நடத்தினார் சாரங்கபாணி. அவர் பேச்சைக் கேட்டுப் படிவம் நிரப்பியவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் இன்றைய சிங்கப்பூர்த் தமிழர்களில் பலர்.

செம்பவாங்கில் ஒரு முகாம்

14. சைகோன் விழுந்த சில நாள்களில், 1975 மே மாதம், வியட்நாமியர்களை ஏற்றிய படகுகளும் கப்பல்களும் சிங்கப்பூர்க் கடலில் குவிந்தன. ‘ஆபரேஷன் தண்டர்ஸ்டார்ம்’ என்ற பெயரில் சிங்கப்பூர் ஆயுதப்படை களம் இறங்கியது. 8,000க்கும் மேற்பட்ட மக்கள். உணவு, தண்ணீர், எரிபொருள் கொடுத்தார்கள், மருந்து கொடுத்தார்கள், பழுதான எந்திரத்தைச் சரிசெய்தார்கள். பிறகு பயணத்தைத் தொடரச் சொல்லி அனுப்பிவைத்தார்கள்.

15. சிங்கப்பூரிலும் ஓர் அகதி முகாம் இருந்தது என்பது இளைய தலைமுறையில் பலருக்குத் தெரியாது. செம்பவாங்கில் ஹாக்கின்ஸ் சாலையில், பிரிட்டிஷ் ராணுவம் விட்டுப்போன குடியிருப்பில் 1978இல் முகாம் திறந்தது. நடத்தியது ஐ.நா. அகதிகள் ஆணையம். 1996இல் மூடப்படும்வரை 32,000க்கும் மேற்பட்டோர் அந்த வழியாகப் போனார்கள். தென்கிழக்காசியாவின் பல முகாம்களைப் போல முள்வேலிக்குள் அடைத்துவைக்காமல், பகலில் வெளியே போய்வர இங்கே அனுமதி இருந்தது.

16. ஆனால் கணக்குக் கறாரானது. ஒரே நேரத்தில் 1,000 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. வேறொரு நாடு 90 நாளுக்குள் அழைத்துக்கொள்ளும் என்ற உறுதி இருந்தால்தான் கரையில் கால் வைக்கலாம். முகாம் என்பது இங்கே காத்திருக்கும் கூடம். குடியேறும் இடம் கிடையாது. எந்த நாடும் ஏற்காமல் கடைசிவரை இருந்தவர்கள் 1996இல் வியட்நாமுக்கே திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

17. வியட்நாம் படகு மக்களைச் சேர்த்துக்கொள்ளக் கனடா ஒரு வழி கண்டது. ஐந்து பேர் சேர்ந்தாலே ஓர் அகதிக் குடும்பத்துக்குப் பொறுப்பேற்கலாம்: வாடகை, குளிர்ச் சட்டை, பிள்ளைக்குப் பள்ளி, மொழி வகுப்பு எல்லாம் ஓராண்டுக்கு அவர்கள் கவனிப்பு. 1979, 1980 இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ 60,000 பேர் கனடா சேர்ந்தார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குப் பொறுப்பேற்றவர்கள் பொதுமக்கள். 1986இல் ஐ.நா.வின் நான்சன் விருது ஒரு தலைவருக்குப் போகாமல் கனடா மக்களுக்கே போனது.

18. 1951ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தில் சிங்கப்பூர் கையெழுத்திடவில்லை. மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்தும் இடவில்லை. இந்தியாவும் இலங்கையும்கூட இடவில்லை. ஆசியானில் ஏற்றவை கம்போடியா, பிலிப்பீன்ஸ், திமோர் லெஸ்தே. கையெழுத்திடாத மலேசியாவில் ஐ.நா. அட்டையோடு 1,50,000க்கும் மேற்பட்ட அகதிகள் வாழ்கிறார்கள். அவர்களில் இலங்கைத் தமிழர்களும் உண்டு. ஜொகூர் பாலத்தின் இந்தப் பக்கம் ஒரு நிலைமை, அந்தப் பக்கம் வேறு நிலைமை.

19. 2015இல் ரோஹிங்யா மக்கள் அந்தமான் கடலில் தத்தளித்தபோது சிங்கப்பூர் அரசின் பதில் தெளிவாக இருந்தது: நிலம் குறைந்த சிறிய நாடு, எந்த இனத்தவராக இருந்தாலும் அகதிகளை ஏற்க இயலாது. அதே வேளையில் அவர்களைத் தாங்கும் நாடுகளுக்கு உதவ, முதற்கட்டமாக 2,00,000 அமெரிக்க டாலர் தர முன்வந்தது. பணம் தருவோம், குடியேற இடம் தர மாட்டோம் என்பது 1975 முதல் மாறாத நிலைப்பாடு.

அடுக்குமாடியில் அக்கம்பக்கம்

20. உள்ளூர்க்காரர்களே ஒரே நாளில் வீடற்றவர்களான கதை உண்டு. 1961 மே 25, ஹஜ்ஜுப் பெருநாள். புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் தீப்பிடித்தது. ஏறத்தாழ 16,000 பேர் தெருவுக்கு வந்தார்கள். பள்ளிக்கூடங்களில் தற்காலிகத் தங்கல். தொடங்கி ஓராண்டே ஆகியிருந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்துக்கு அதுதான் பெரும் பரீட்சை. எரிந்த இடத்திலேயே அடுக்குமாடிகள் எழுந்தன. முதல் ஐந்தாண்டில் வீவக கட்டி முடித்த வீடுகள் 50,000க்கும் மேல்.

21. வீடு கட்டினால் போதுமா? 1980களில் சில பேட்டைகளில் மலாய்க்காரர்கள் ஒருபுறம், இந்தியர்கள் ஒருபுறம் என மறுபடி கூட்டம் சேரத் தொடங்கியது. 1989இல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்தது. அதைக் கொண்டுவந்த தேசிய வளர்ச்சி அமைச்சர் ஒரு தமிழர்: எஸ். தனபாலன்.

22. அந்தக் கொள்கையில் 2010இலிருந்து உள்ள கணக்குப்படி, இந்தியரும் பிற சிறுபான்மையினரும் ஒரு வட்டாரத்தில் 12 விழுக்காடு வரை, ஒரு புளோக்கில் 15 விழுக்காடு வரை வீடு வைத்திருக்கலாம். இதனால்தான் மாரியம்மா வீட்டு அடுத்த கதவில் ஃபாத்திமாவும் எதிர்க் கதவில் திருமதி டானும் இருக்கிறார்கள். கொள்கைக்கு விலையும் உண்டு. சீனர் ஒதுக்கீடு நிறைந்த புளோக்கில் இந்தியர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்க ஆள் குறைவு, விலையும் குறையும். நீண்ட நாள் புலம்பலுக்குப் பிறகு, 2022 முதல் மிகவும் சிரமப்படும் உரிமையாளர்களிடமிருந்து வீவகவே சில நிபந்தனைகளோடு வீட்டை வாங்கிக்கொள்கிறது.

23. புதிதாக வந்த நிரந்தரவாசிகளுக்கும் அளவு உண்டு. மலேசியர் தவிர்த்த நிரந்தரவாசிகள் ஒரு வட்டாரத்தில் 5 விழுக்காடு, ஒரு புளோக்கில் 8 விழுக்காடு. இது 2010இல் வந்த விதி. ஒரே ஊர்க்காரர்கள் ஒரே புளோக்கை வாங்கித் தனி உலகம் அமைத்துக்கொள்ளக் கூடாது என்பது நோக்கம்.

24. சுவருக்கு வெளியே பழகவைக்கும் வேலை மக்கள் கழகத்துடையது. 1960இல் தொடங்கியது, வசிப்போர் குழுக்கள் 1978இல் வந்தன. 2009இல் தேசிய ஒருங்கிணைப்பு மன்றமும், கூட்டு முயற்சிகளுக்கு 80 விழுக்காடு வரை செலவு தரும் சமூக ஒருங்கிணைப்பு நிதியும் வந்தன. 2011 முதல் புதுக் குடிமக்கள் அடையாள அட்டை வாங்குமுன் வரலாற்று இடங்களைச் சுற்றிப் பார்த்து, அக்கம்பக்கத்தாரோடு உட்கார்ந்து பேச வேண்டும். தீபாவளி முறுக்கும் நோன்புக் கஞ்சியும் வீடு மாறிப் போவதற்கு எந்த நிதியும் வேண்டியதில்லை என்பது வேறு விஷயம்.

ஞாயிற்றுக்கிழமைத் தேக்கா

25. இப்போது கதவு பாதி திறந்தவர்களிடம் வருவோம். கட்டுமானம், கப்பல் பட்டறை, ரசாயன ஆலைகளில் 400,000க்கும் மேற்பட்ட ஒர்க் பெர்மிட் ஊழியர்கள் வேலை செய்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வந்தவர்கள் இவர்களில் ஏராளம். மனைவி மக்களை அழைத்துவர முடியாது. எத்தனை ஆண்டு உழைத்தாலும் ஒர்க் பெர்மிட் நிரந்தரவாசத்துக்கு வழி ஆகாது. துவாஸ், சுங்கை தெங்கா போன்ற ஊர் ஓரங்களில் விடுதி. சுங்கை தெங்கா விடுதி ஒன்றில் மட்டும் 25,000 படுக்கைகள்.

26. கஃப் சாலையின் பெயரில் 2008 மார்ச் முதல் ஓர் இலவசச் சாப்பாட்டுத் திட்டம் நடக்கிறது. நடத்துவது ‘டிடபிள்யுசி2’ என்ற தன்னார்வ அமைப்பு. யாருக்கு? வேலையில் அடிபட்டு இழப்பீட்டுக்காகவும், சம்பளப் பாக்கிக்காகவும் வழக்கு முடியக் காத்திருப்பவர்களுக்கு. வேலை பார்க்க அனுமதி இருக்காது. கையில் காசும் இருக்காது. லிட்டில் இந்தியா உணவகத்தில் வயிறாரச் சாப்பாடு. சாப்பிட வந்த இடத்திலேயே வழக்கு பற்றிய ஆலோசனை.

27. மருத்துவர் கோ வெய் லியோங்கும் நண்பரும் 2006இல் தொடங்கியது ‘ஹெல்த்சர்வ்’. கேலாங்கில் சின்ன மருந்தகமாக ஆரம்பித்தது. காய்ச்சல், பல்வலி, முதுகுவலி, மனநலம் எல்லாவற்றுக்கும் ஊழியர்களுக்குக் குறைந்த செலவில் கவனிப்பு. 2017ஆம் ஆண்டின் சிறந்த சிங்கப்பூரர் விருது டாக்டர் கோவுக்குக் கிடைத்தது.

28. மழையில் நனைந்தபடி வேலை பார்த்த ஊழியர்களைக் கண்டு வழக்கறிஞர் தீபா சுவாமிநாதன் 2015இல் தொடங்கியது ‘இட்ஸ் ரெய்னிங் ரெயின்கோட்ஸ்’. மழைச்சட்டையில் ஆரம்பித்தது, காப்பிக்கடைகளில் விற்காமல் மிஞ்சிய ரொட்டி, பண்டங்களை வாங்கிக் கொண்டுபோய்க் கொடுப்பதுவரை வளர்ந்தது.

29. ‘பங்ளார் கண்டா’ என்ற வங்காளிப் பத்திரிகையின் ஆசிரியர் ஏ.கே.எம். மொசின், 2011இல் ரோவெல் சாலையில் ‘திபாஷ்ரம்’ தொடங்கினார். ஞாயிறு விடுமுறையில் ஊழியர்கள் பாடவும் நாடகம் போடவும் கவிதை படிக்கவும் ஓர் இடம். 2014இல் வெளிநாட்டு ஊழியர் கவிதைப் போட்டி பிறந்தது. வங்காளிக் கவிஞர்களோடு தொடங்கியது. பிறகு தமிழ் உட்பட வேறு மொழிகளும் சேர்ந்தன. பகலில் கம்பி கட்டியவர் மேடையில் கவிஞராக நின்றதும், பார்த்தவர்களுக்கு அவர் பெயர் தெரிந்தது.

30. 2013 டிசம்பர் 8 இரவு. ரேஸ் கோர்ஸ் சாலையில் ஒரு தமிழ்நாட்டு ஊழியர் பேருந்தில் அடிபட்டு இறந்தார், கலவரம் வெடித்தது. விசாரணைக் குழு அமைந்தது. 2015இல் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் தனிக் கட்டுப்பாட்டு வட்டாரங்கள் ஆயின. விடுதிகளுக்கு அருகே பெஞ்சூரு போன்ற இடங்களில் கடை, விளையாட்டுத் திடல், பணம் அனுப்பும் வசதியோடு பொழுதுபோக்கு நிலையங்களும் வந்தன. வசதிதான். ஆனால் ஊழியர் தம் விடுமுறையையும் ஊருக்கு வெளியிலேயே கழிப்பார் என்பதும் சேர்ந்தே வந்தது.

31. 2020இல் கொவிட் விடுதிகளைத் தாக்கியது. அங்கே இருந்த சுமார் 323,000 பேரில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்துபோனதாக ஆண்டிறுதியில் அரசு சொன்னது. நாடு திறந்த பிறகும் அவர்கள் வெளியே வர வெகுநாள் ஆனது. 2021 செப்டம்பரில் சோதனை முறையில் ஒரு சிறு குழு தேக்காவுக்கு அழைத்துவரப்பட்டபோது அது செய்தியானது. 2022இல்கூட ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் லிட்டில் இந்தியா வர முன்பதிவு அனுமதி வாங்க வேண்டியிருந்தது. பிறகு அந்த முறை நீங்கியது.

32. பாடம் படித்ததன் பலன்: 2021இல் புதிய விடுதிகளுக்கான தரநிலை மாறியது. ஓர் அறையில் 12 பேருக்கு மேல் கூடாது. ஆளுக்கு 4.2 சதுர மீட்டர் இடம். கட்டில்களுக்கு நடுவே ஒரு மீட்டர் இடைவெளி. ஆறு பேருக்கு ஒரு கழிவறை, அதுவும் அறையோடு சேர்ந்தது. முன்பு 15 பேருக்கு ஒன்று. பழைய விடுதிகளும் 2030க்குள் ஓரளவுக்காவது மாற வேண்டும்.

33. வீட்டு வேலைக்கு வந்த பெண்களுக்கு 2013 ஜனவரி முதல்தான் வாராந்திர ஓய்வு நாள் சட்டமானது. கொடுமை தாங்காமல் வெளியேறியவர்களுக்கு ‘ஹோம்’ அமைப்பு 2004 முதல் தங்குமிடம் தருகிறது. 2006இல் தொடங்கிய ‘ஐதா’, ஓய்வு நாளில் அவர்களுக்குச் சேமிப்பு, வரவுசெலவு, சிறுதொழில் பாடம் நடத்துகிறது. ஊர் திரும்பிக் கடை வைக்க நினைக்கும் பெண்ணுக்கு அந்தப் பாடம் முதலீடு.

கடல் தாண்டி

34. தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழர்கள் 1983 முதல் முகாம்களில் இருக்கிறார்கள். இலங்கைத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகன் சந்திரகாசன் 1984இல் தொடங்கிய ‘ஓஃபர்’ அமைப்பு, அகதிகளே அகதிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வழியைக் காட்டியது. 2021இல் மாநில அரசு 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. 7,469 வீடுகள் புதிதாகக் கட்டித் தருவதாகச் சொன்னது. 2023 செப்டம்பரில் வேலூர் மேல்மொணவூரில் நடந்த விழாவில் 1,591 வீடுகள் திறக்கப்பட்டன. நாற்பதாண்டு காத்திருப்புக்குப் பிறகு கான்கிரீட் கூரை வந்தது. குடியுரிமை மட்டும் இன்னும் வரவில்லை. 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் அவர்களுக்கு இடமில்லை.

35. 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 ஈழத்தமிழர்கள் மிதந்துகொண்டிருந்தார்கள். மீன்பிடிக்கப் போன கஸ் டால்டன் என்ற கப்பல் தலைவர் அவர்களைக் கண்டு காப்பாற்றினார். அவர்களுக்குக் கனடாவில் தங்க அனுமதி கிடைத்தது. இன்று டொரோண்டோ, இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வெளியே தமிழர் மிகுதியாக வாழும் நகரங்களில் ஒன்று.

கூட்டிப் பார்த்தால்

கூரை கொடுப்பது ஒரு வேலை. ஊரில் சேர்ப்பது இன்னொரு வேலை. சிங்கப்பூர் முதல் வேலையில் கெட்டிக்கார ஊர். விடுதி அறையில் சதுர மீட்டரைக்கூட அளந்து சட்டமாக்கிவிடும். இரண்டாவது வேலையை எப்போதும் முன்னால் வந்தவர்கள்தாம் பின்னால் வந்தவர்களுக்குச் செய்திருக்கிறார்கள். மாரியம்மன் கோயிலில் படுக்க இடம் விட்டவரும் சிந்திக் கடைக்காரரும் சாரங்கபாணியும் அரசு உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. அகதிக்கும் ஊழியருக்கும் சட்டம் வேறு வேறாக இருக்கலாம். வந்து இறங்கிய ஊரில் தன் பேர் சொல்லிக் கூப்பிட ஓர் ஆள் வேண்டும் என்பது இருவருக்கும் ஒன்றுதான்.

சிங்கப்பூரில் இருக்கிற வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேலே சொன்ன டிடபிள்யுசி2, ஹெல்த்சர்வ், இட்ஸ் ரெய்னிங் ரெயின்கோட்ஸ் எல்லாம் தொண்டர்களை நம்பி நடப்பவை. தமிழ் பேசத் தெரிந்தவர் அங்கே வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. மாதத்தில் ஒரு மாலை ஒதுக்க முடியுமா என்று பாருங்கள். அதுவும் முடியாவிட்டால், உங்கள் புளோக்கின் கீழே கூட்டிப் பெருக்கும் தம்பியிடம் நாளைக் காலை பெயரும் ஊரும் கேளுங்கள்.